கரி படாத கல்

அத்தியாயம் ஏழு

காரை ஓரங்கட்டிய கையோடு மெஷாக் கல் பொறுக்கப் போய்விட்டான். விசாரணையாவது ஒன்றாவது! பிக்ஸ்பீக் மலைச்சாலையில் இந்த வளைவுக்கு வந்த எவனும் முதலில் செய்கிற காரியம் அதுதான். சாலையோரம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது சிவிவானே. வழிப்போக்கர்கள் காலங்காலமாக ஆளுக்கொரு கல்லாய்ப் போட்டு வளர்த்த கற்குவியல். குனிந்து ஒரு கல்லை எடுக்க வேண்டும், அதில் எச்சில் துப்ப வேண்டும், குவியலில் எறிய வேண்டும். போகிற காரியம் கைகூடும். போடாமல் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் போடாமல் போனவர்கள் யாருமே இல்லை.

துப்பறியும் லாமாசியா போடவில்லை. கறுப்புத் துக்க உடையில், கறுப்புத் துணியால் தலையைப் போர்த்திக்கொண்டு, கார்க் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, ஒரு கல்லு. சின்னதா ஒண்ணு. காசா பணமா?" என்றான் மெஷாக்.

"எனக்கு ஒண்ணும் கைகூட வேண்டாம்."

"நமக்கு வேண்டாம்மா. காணாமப் போன டீச்சரம்மாவுக்கு வேணுமே?"

கணவன் ஜோப்பைப் புதைத்த நாளிலிருந்து அவளுக்கு எதற்குமே சட்டென்று பதில் வருவதில்லை. சாப்பிட்டால் ருசி இல்லை, தூங்கினால் கனவு இல்லை. அழவும் இல்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்களே, அப்படித்தான் இருந்தது உடம்பு முழுக்க. அது போதாதென்று இந்தக் கறுப்பு உடை. இதைப் பார்த்ததும் ஜனங்கள் ஒரு எட்டு ஒதுங்கிவிடுவார்கள். கை குலுக்க மாட்டார்கள். டீயைக்கூட மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். மெஷாக்கே கார்ச் சாவியை பானெட்டின் மேல் வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எங்கம்மா திட்டும்" என்பான். அவன் மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை. கோபம் வந்தால் தேவலையே!

ஆனாலும் வழக்கு வழக்குதான். மன்சினியில் குடியிருக்கும் குவாரிக்காரர் அப்சலோம் மவூசோவின் மனைவி போன்சிலே, பூகோள டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிக்ஸ்பீக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தன் காரில் கிளம்பியவள் போய்ச் சேரவில்லை. திங்கள் விடியலில் அவள் கார் இந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கதவு திறந்தபடி நின்றது. கைப்பையும் போனும் உள்ளே இருந்தன. ஆளைக் காணோம். ராத்திரியில் உறைபனி விழுகிற மலை இது. உயிரோடு எங்கேயாவது கிடக்கிறாள் என்றால், சீக்கிரம் போனால்தான் உயிரோடு கிடைப்பாள்.

மவூசோ நேற்று மாலையே லாமாசியாவின் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "ஞாயிறு முழுக்க சபையில ஜெபத்துல இருந்தேன், இதே வெள்ளை அங்கியிலதான். வீட்டுக்குக்கூடப் போகலை. நான் அந்த மலைப் பக்கம் போயே பல வருஷம் ஆச்சு. என் குவாரி சரிஞ்சு ரெண்டு பேர் செத்த விஷயமா நாளன்னிக்கு விசாரணை வேற இருக்கு. இந்த நேரத்துல இப்படி ஒரு இடி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு பெயர் சொன்னார். எல்மன் சிமெலானே. பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார். கிழக்கே நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கத்துக்காரன். அவளிடம் அவனுக்கு ஒரு இது.

"ஐயையோ, என் கையைப் பாருங்கம்மா!" மெஷாக் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். அடுப்புக்கரி அள்ளினவன் மாதிரி இருந்தது. "ஒரு கல்லு எடுத்ததுக்கு இந்தக் கோலமா?"

லாமாசியா சுற்றிலும் பார்த்தாள். மலைச்சரிவே கறுப்பு. ஆகஸ்ட் மாதம், இங்கே வறண்ட குளிர்காலம். காட்டுத்தீ பரவாமலிருக்க சாலையோரப் புல்லை முன்கூட்டியே எரித்துவிடுவார்கள். சனிக்கிழமை எரித்ததாகப் போலீஸ் சொல்லியிருந்தது. தரையில் கிடந்த கல் முழுக்கக் கரி. தீ ஏறி இறங்கியதில் குவியலும் முழுக்கக் கரி.

முழுக்க இல்லை.

"மெஷாக், உன் கல்லைப் போட்டுட்டியா?"

"போட்டாச்சு. அதோ, பச்சையா தெரியுதே. என் கைபட்டு ஒரு பக்கம் சுத்தமாயிடுச்சு."

"அதுக்கு மேல, இடது பக்கம்?"

ஒரு சாம்பல் நிறக் கல், ரொட்டித் துண்டு அளவுக்கு. அதன் மேல் ஒரு துளி கரி கிடையாது.

மெஷாக் விசில் அடித்தான். "எல்லாரும் கருகிக் கிடக்க இவர் மட்டும் குளிச்சுட்டு வந்திருக்காரு."

"தீக்கு அப்புறம் வந்த கல்லு. இங்க பொறுக்கினதா இருந்தா உன் கை மாதிரி ஆகியிருக்கும். எங்கிருந்தோ கையோட வந்தது." கையுறையைப் போட்டு எடுத்தாள். ஒரு முனையில் கறுப்பாய் ஏதோ தேய்ந்திருந்தது. கரி இல்லை, கையுறையில் ஒட்டவில்லை. திருப்பினாள். மெல்லிய அடுக்கு அடுக்காய்க் கல். ஓர் அடுக்கின் மேல் நீள நாக்குப் போல ஒரு இலை, நரம்போடு பதிந்திருந்தது.

துப்பறியும் தொழிலுக்கு வருமுன் பதினைந்து வருஷம் அரசாங்கத்துக்காகக் கல் பிரித்தவள் அவள். நாட்டின் பாறைப் படத்தில் பாதி அவள் கால் நடந்து வரைந்தது.

"கல்லுல என்னம்மா ரகம் இருக்கு? கல்லு கல்லுதானே?"

"மூணு ரகம். பூமிக்குள்ள உருகிக் கிடந்தது மேல வந்து ஆறி இறுகினா அது நெருப்புப் பாறை."

"எங்க மாமியார். மேல சொல்லுங்க."

"சேறும் மணலும் தண்ணிக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சு இறுகினா படிவுப் பாறை. அடுக்கு இருக்கும். இலை, மீன், எது விழுந்தாலும் நடுவுல மாட்டிக்கும்."

"அரசாங்க ஆபீஸ் ஃபைலு. மூணாவது?"

"இந்த ரெண்டுல எதுவானாலும் சரி, சூட்டுலயோ அழுத்தத்துலயோ மாட்டி வேற ஆளா மாறினா அது உருமாறின பாறை. இந்த மலை அப்படித்தான். அதான் நீ போட்ட கல்லு பச்சையா இருக்கு."

"கல்யாணம் ஆன ஆம்பள. புரிஞ்சுது. அப்ப இந்த ரொட்டித் துண்டு?"

"அடுக்கு இருக்கு. இலை இருக்கு. படிவு. இந்த மேற்கு மலையில இது கிடையவே கிடையாது. கிழக்கே தாழ்நிலத்துலதான். நிலக்கரிக்கு மேலயும் கீழயும் இந்த இலைக்கல்லுதான் இருக்கும்."

மெஷாக்கின் கண் விரிந்தது. "நிலக்கரி! கணக்கு வாத்தியார் ஊரு!"

"ம்."

"என்னம்மா, 'ம்'னு ஒத்தை எழுத்துல முடிச்சுட்டீங்க? அவளைத் தூக்கிட்டு வந்தவன், காரை இங்க விட்டுட்டு, பழக்க தோஷத்துல சிவிவானேக்கு ஒரு கல்லையும் போட்டுட்டுப் போயிருக்கான்! செய்யறது பாவம், அதுக்கு வழித்துணை வேற கேட்டிருக்கான். நம்ம ஆளுங்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்!"

உண்மைதான். கொலைகாரனாகவே இருந்தாலும் இந்த வளைவில் சும்மா போக எவனுக்கும் தைரியம் வராது. கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும், கீறிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குள் பழைய பாடம் ஒன்று முனகியது. செய்யவில்லை. பையில் போட்டு, பையைப் பின் சீட்டில் எறிந்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாள்.

"ஒரு விஷயம் மட்டும் உறுத்துதும்மா," என்றான் மெஷாக் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி. "டீச்சரம்மா கார்ல பெட்ரோல் கழுத்து வரைக்கும் இருந்துச்சாம். மன்சினியில இருந்து இவ்வளவு மலை ஏறி வந்த வண்டி. நான் ஓட்டினா இந்நேரம் தள்ளிக்கிட்டு இல்ல வந்திருப்பேன்?"

அவள் காதில் அது விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

ம்பபானே நகரத்தைத் தாண்டும்போது மவூசோ போன் செய்தார். "ஏதாவது தெரிஞ்சுதா லாமாசியா அம்மா?"

"நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் போயிட்டிருக்கோம் ஐயா."

"நான்தான் சொன்னேனே! அந்த எல்மனை விடாதீங்க. கடவுள் உங்களுக்கு நல்லது செய்வார்." குரலில் நிம்மதி. பெண்டாட்டியைக் காணாத மனுஷனுக்கு இவ்வளவு நிம்மதியா என்று சாதாரணமாய் இருந்தால் அவளுக்குத் தோன்றியிருக்கும்.

மலாக்வானே இறக்கத்தில் பாதி வழியில் பிரேக் கருகுகிற நாற்றம் வந்தது. மெஷாக் திட்டிக்கொண்டே ஓரம் கட்டினான். "கை பிரேக் நம்மளை நம்பி இருக்கு, நாம அதை நம்பி இல்லை," என்று சொல்லி இறங்கினான். பின்பக்கம் ஏதோ உருட்டினான். கார் ஒரு முறை குலுங்கி நின்றது. அவன் உப்புக்கண்டத்தைக் கடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தான்.

லாமாசியாவும் இறங்கினாள். சும்மா நிற்கும்போது கண் போகிற இடத்துக்குப் போனது. பின் சக்கரத்துக்கு அடியில் அண்டை கொடுத்திருந்த கல்லைப் பார்த்தாள். அடுக்கு. இலை.

"மெஷாக்! சாட்சிக் கல்லைச் சக்கரத்துக்குக் கொடுத்திருக்கியே, உனக்கு மூளை இருக்கா?"

"கைக்கு அதுதாம்மா வந்துச்சு! வேற கல்லு தேடறதுக்குள்ள நீங்க வண்டியோட கீழ ஆத்துக்குப் போயிருப்பீங்க!"

அவள் அடுத்த வார்த்தையை விழுங்கினாள். குனிந்தாள். ஒரு முழுக் காரின் எடை அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. நிலக்கரியோடு வருகிற இலைக்கல் பாவம், பப்படம் மாதிரி. சக்கரம் ஏறினால் ஏடு ஏடாய்ப் பிரிந்து தூளாகியிருக்க வேண்டும். இது ஒரு சில்லுகூட உதிராமல் கிடந்தது.

"வேற கல்லு வச்சுட்டு அதை எடு."

எடுத்தான். சாலையோரத்து இரும்புத் தடுப்பில் அதைத் தட்டினாள். ணங் என்றது, கோவில் மணி மாதிரி. பேனாக்கத்தியால் கீறினாள். கத்திதான் கல்லின் மேல் ஈயக்கோடு போட்டது, கல் கீறவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் மெஷாக்." குரல் நடுங்கியது. நடுங்கியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது ரெண்டாவது ரகம் இல்லை. மூணாவது. படிவாத்தான் பிறந்திருக்கு, இலையும் அப்ப விழுந்ததுதான். ஆனா அப்புறம் உருகின நெருப்புப் பாறை பக்கத்துலயே கிழிச்சுக்கிட்டு மேல ஏறியிருக்கு. அந்தச் சூட்டுல வெந்து இறுகிடுச்சு. சூளையில வச்ச பச்சைச் செங்கல் மாதிரி."

"ஆபீஸ் ஃபைலு மாமியார் பக்கத்துல உக்காந்துட்டு வந்திருக்கு."

"அதேதான்! நிலக்கரிச் சுரங்கத்துல இது கிடைக்காது. நெருப்புப் பாறை சுவர் மாதிரி படிவைக் கிழிச்ச இடத்துல, அந்தச் சுவருக்கு ஒட்டினாப்புல மட்டும்தான் கிடைக்கும். அந்த மாதிரி இடத்தை யார் தோண்டுவாங்க சொல்லு?"

மெஷாக் மெல்லுவதை நிறுத்தினான். "ரோட்டு ஜல்லிக்கு... கெட்டிக் கல்லு தேடறவன். குவாரிக்காரன்."

"தாழ்நிலத்துல இலைப் படிவை நெருப்புச் சுவர் வெட்டற இடம் ஒண்ணே ஒண்ணுதான். நானே அங்க சுத்தியல் போட்டிருக்கேன். இப்ப அது மவூசோ குவாரி. சுவர் சரிஞ்சு, பூட்டி, எவனும் கால் வைக்காத குவாரி."

பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. காலையிலிருந்து மண்டையின் வாசலில் நின்றுகொண்டிருந்தவை ஒவ்வொன்றாய் உள்ளே நுழைந்தன. கல்லின் முனையில் தேய்ந்திருந்த கறுப்பு, டயர் ரப்பர். இது சக்கரத்துக்கு அண்டை கொடுத்துப் பழகிய கல்.

"டீச்சர் கார்ல பெட்ரோல் ஏன் குறையலை? அது ஓடி வரலை மெஷாக். ஏறி வந்துச்சு. குவாரி லாரி முதுகுல ஏத்தி, உருளாம இருக்க இந்தக் கல்லை முட்டுக் கொடுத்துக் கொண்டுவந்து இறக்கியிருக்கான். இறக்கினதும் சிவிவானே கண்ணுல பட்டிருக்கு. போடாம போக முடியுமா? கீழ கிடந்ததெல்லாம் கரி. கரிக்கல்லை எடுக்க யாருக்கு யோசனையா இருக்கும்?"

"எனக்கு இல்லை, என் பேண்ட்டைப் பாருங்க." அவன் சட்டென்று எழுந்தான். "வெள்ளை அங்கி! சபையில இருந்து நேரா வந்தவன்! அழுக்குப் படக் கூடாதுன்னு லாரி மேல கிடந்த கல்லை எடுத்துப் போட்டிருக்கான்!"

"வண்டியை எடு."

"பிரேக் ஆறலைம்மா."

"பிரேக் போடாம ஓட்டு!"

மெஷாக் அவளை ஒரு மாதிரி பார்த்தான். ஜோப் செத்ததற்கு அப்புறம் அவள் கத்தி இவன் கேட்டதில்லை.

குவாரி வாசலில் 'உள்ளே வராதே' பலகை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கம்பி வேலி ஓரிடத்தில் மடங்கியிருந்தது. லாரித் தடம் புதிது. சரிந்த சுவரின் அடியில் பாறை அப்படியே புத்தகம் மாதிரி திறந்து நின்றது: நடுவில் கறுத்த நெருப்புச் சுவர், இரண்டு பக்கமும் வெந்து வெளிறிய அடுக்கு. லாமாசியா அதைப் பார்க்கவே இல்லை. அவள் கண் கோடியில் இருந்த வெடிமருந்துக் கிடங்கின் மேல் இருந்தது. தடித்த சுவர், ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. துருப்பிடித்த இரும்புக் கதவு. அதில் பளபளவென்று புதுப் பூட்டு.

"டீச்சரம்மா!" மெஷாக் கதவில் குத்தினான். "போன்சிலே டீச்சர்!"

சத்தமே இல்லை. லாமாசியாவுக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது வந்ததே, அது. அதற்கப்புறம் இத்தனை மாதமாய் வராதது. கடவுளே, இவளாவது இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்தாள். பூட்டை விட்டுவிட்டு, பூட்டு தொங்கிய துருக் காதில் ஓங்கி அடித்தாள். ணங். மறுபடி. "நான் அடிக்கிறேன்மா" என்று வந்த மெஷாக்கை முழங்கையால் தள்ளினாள். மவூசோ தன் காரியம் கைகூட எச்சில் துப்பி எறிந்த கல் அது. காது விண்டு தெறித்தது, கல் விரியவில்லை.

உள்ளே, மூலையில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எழுந்து நின்றாள். உதடு வெடித்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கினாள்.

"தண்ணி," என்றாள்.

மெஷாக் காருக்கு ஓடி, தன் புளித்த சோளக்கஞ்சி பாட்டிலைக் கொண்டுவந்தான். அவள் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்தாள். நெஞ்சு நனைந்தது. பிறகு பேச்சு வந்தது.

"அந்தச் சுவர் நிக்காதுன்னு நான் அவர்கிட்ட முன்னாடியே சொன்னேன். ரெண்டு ரகக் கல்லு ஒட்டற இடம், மழைக்கு வழுக்கும்னு சொன்னேன். கேக்கலை. ரெண்டு பேரை உள்ளே இறக்கினாரு. விசாரணையில அதைச் சொல்லப் போறேன்னேன். முடிஞ்சதும் வந்து திறக்கறேன்னு சொல்லிப் பூட்டினாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா தண்ணி வைக்கலை."

மெஷாக் பாட்டிலை மறுபடி அவள் கையில் வைத்தான். அவள் இன்னொரு மடக்குக் குடித்தாள்.

"நேத்து ராத்திரி வந்து கதவுக்கு வெளியில நின்னு சிரிச்சாரு. உன்னைத் தேட ஆள் வச்சிருக்கேன், கறுப்பு உடுத்தின விதவை ஒருத்தி, எதிர்ல மாடு நின்னாலும் அவளுக்குத் தெரியாதுன்னாரு."

லாமாசியாவுக்குச் சுருக்கென்றது. ஊரில் எத்தனையோ துப்பறிவாளர் இருக்க, தன்னைத் தேடி வந்தானே! "பொய் சொல்லலை. இன்னிக்குக் காலையிலகூட எனக்குத் தெரியலை," என்றாள்.

போன்சிலே இரண்டடி நடந்தாள், தடுமாறினாள், நேரே லாமாசியாவின் மேல் வந்து விழுந்தாள்.

"என்னைத் தொடாதம்மா. துக்க உடை."

"இருக்கட்டும்," என்றாள் போன்சிலே. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விடவில்லை.

அப்போது போன் அடித்தது. லாமாசியா ஒற்றைக் கையால் எடுத்தாள். மற்றக் கை போன்சிலேயின் பிடியில் இருந்தது.

"என்ன ஆச்சு லாமாசியா அம்மா? கிடைச்சாளா?" மவூசோவின் குரல் அழுகிற மாதிரியே இருந்தது. நன்றாகத்தான் பழகியிருக்கிறான்.

மெஷாக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னும் இல்லை ஐயா. எல்மனையும் காணோம். ராத்திரி முழுக்கத் தேடறோம். நீங்க கவலைப்படாம நாளைக்கு விசாரணைக்குப் போங்க. தைரியமா போங்க."

"உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்."

"தெரியும் ஐயா," என்று வைத்துவிட்டாள்.

"அம்மா!" மெஷாக் பிரமித்துப் போனான். "நீங்க மூணாவது ரகம்மா! சத்தியமா மூணாவது ரகம்!"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. ஜோப்பைப் புதைத்த அன்று வராதது, அதற்கப்புறம் ஒரு நாளும் வராதது, இங்கே ஜல்லிமேட்டில் நின்றுகொண்டு கேவிக் கேவி வந்தது. போன்சிலே அவள் கையை விடவில்லை. மெஷாக் கிட்டே வந்து, கார்ச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"நீங்க ஓட்டுங்கம்மா," என்றான். "எனக்குக் கை நடுங்குது."